காத்தாடி வந்த ஊர்களில் யார் கையில் காசு தங்கியது?

புதுச்சேரியில் உப்பளம் என்று ஒரு பகுதி இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற பக்கம். பெயரைப் பார்த்து உப்பு வாங்கப் போனீங்கன்னா ஏமாந்துதான் வருவீங்க. வீடு, பட்டறை, ஸ்டேடியம், வாய்க்கால், இவ்வளவுதான் இன்றைய உப்பளம்.

உப்பு எங்கே போச்சு என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1815இல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சு ஊர்களில் விளைகிற உப்பில் உள்ளூர்த் தேவை போக மீதியை இங்கிலீஷ் கம்பெனிதான் வாங்கும், அதற்குப் பதிலாக பிரெஞ்சு சர்க்காருக்கு வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய். அடுத்து 1818இல் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட்டு அதற்கு ஒரு நஷ்டஈடு என்று ஆனது. கடல் நம்மது, வெயில் நம்மது, காத்தும் நம்மது. ஆனா உப்பை யார் விற்கலாம்னு முடிவு பண்ணினது வேற ஆளுங்க.

இப்போ காத்து சம்பந்தமா ஒரு விஷயம் எங்க குடும்பத்துக்குள்ளேயே வந்திருக்கு. என் தங்கச்சி உப்பளத்தில் வாக்கப்பட்டவள். அவள் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிச்சுட்டு அங்கேயே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் வந்து, "மாமா, உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாடி வேலை மறுபடி நிறைய வருதாம். ஒரு ஹைட்ரா கிரேன் எடுத்தா வருஷம் பூரா ஓடும்கிறாங்க. பாகூர் நிலத்துல அம்மா பங்கை பேங்க்ல வைக்கலாமா?"ன்னு கேட்டான். அம்மா பங்கு என்பது ஒரு காணி. என் மூணு காணிக்கு ஒட்டினது. உடுமலைப் பக்கம் எனக்குச் சம்பந்தி வீடு இருப்பதால் அந்த ஊர்க் காத்தாடிக் கதை கொஞ்சம் தெரியும். தெரிஞ்சதை அவனுக்குச் சொன்னேன். நகரத்தில் இருக்கிற நீங்களும் பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது அந்த வெள்ளை இறக்கைகளைப் பார்த்திருப்பீங்க. அதுக்குக் கீழே என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கலாமே.

எங்க பக்கத்துக் காத்தாடி கரண்ட் எடுக்கிறது இல்லை, தண்ணி இறைக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு அந்தச் செம்மண் மேட்டில் தண்ணி இறைக்கக் காத்தாடி நட்டார்கள். அங்கேயே ஆரேகா என்ற பட்டறையில் அதைச் செய்து வெளியாருக்கும் விற்றார்கள். வெட்டுறது, வெல்டிங் வைக்கிறது, கடைசல், நடுறது, ரிப்பேர் எல்லாமே கூப்பிடு தூரத்திலேயே முடிகிற வேலை. ஒரு தகடு வளைஞ்சா செஞ்சவனே வந்து நிமிர்த்துவான். அது ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? 1984இல் தமிழ்நாட்டில் சிறு விவசாயிக்கு பம்புசெட் கரண்ட் இலவசம் ஆனது, சில வருஷத்தில் எல்லா விவசாயிக்கும் ஆனது. சும்மா கிடைக்கிற கரண்டோடு எந்தக் காத்தாடி போட்டி போடும்?

கரண்ட் எடுக்கிற காத்தாடி தமிழ்நாட்டுக்கு வந்தது 1986இல், தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில். ஒண்ணு 55 கிலோவாட், இன்றைய மிஷினுக்கு முன்னாடி அது பொம்மை. பிறகு டென்மார்க் உதவியோடு கயத்தாறு, முப்பந்தல் பக்கம் அரசாங்கமே மாதிரிக் காற்றாலைகள் வைத்தது. 1990களில் தனியார் உள்ளே வந்தார்கள். மிஷின் வாங்கின முதல் வருஷமே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு சலுகை. நூல் மில்காரர்கள் காத்துக்காக வந்தார்களா வரிக்காக வந்தார்களா என்று எங்க சம்பந்தி இன்னும் கேட்பார். எதற்கு வந்தாலும் நட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

சரி, ஒரு காத்தாடி நடும்போது உள்ளூருக்கு என்ன வேலை கிடைக்கிறது? அஸ்திவாரத்தில் இருந்தே பார்க்கலாம். 2 மெகாவாட் மிஷின் ஒன்றுக்குச் சுமாராக 300, 400 கன மீட்டர் கான்கிரீட், முப்பது நாற்பது டன் கம்பி. இதில் முக்கியமான சங்கதி, கான்கிரீட்டை ஒரே மூச்சில் போட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் போட்டால் நடுவில் ஒட்டு விழும், அந்த உயரத்து ஆட்டத்தைத் தாங்காது. மிக்சர் லாரி ஒரு தடவைக்கு ஆறு கன மீட்டர் கொண்டுவரும் என்றால் அறுபது நடை, ராத்திரி பகலாக. ஊர்க் கொத்தனார் மேஸ்திரியும் சிமெண்ட் கடை அண்ணாச்சியும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இது அவர்கள் கையில் அடங்காது. கலவை பிளாண்ட் வைத்திருக்கிற வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விடும்.

இறக்கை ஏற்றி வருகிற லாரியும் உள்ளூர் லாரி இல்லை. நீட்டிக்கிற டிரெய்லர் வேண்டும், அதைத் திருப்ப வளைவில் புளியமரத்தை வெட்ட வேண்டும், பாலத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். மேலே தூக்குகிற பெரிய கிரேன் ஊர் ஊராகச் சுற்றுகிற ராட்சசன். அதைக் கழட்டி ஏற்றிவரவே வரிசையாக லாரிகள் வேண்டும்.

மிச்சம் இருப்பதுதான் ஊருக்கு. பாதைக்குக் கிராவல், ஜல்லி, தண்ணி டேங்கர், ஜே.சி.பி., டிராக்டர், ரூம் வாடகை, மெஸ், வாட்ச்மேன். பெரிய கிரேனுக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற சின்ன ஹைட்ராவும் இந்தக் கணக்கில்தான் வரும். நல்ல காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு இடத்தில் சில மாசம். அப்புறம் காத்தாடி நின்று சுத்தும், மெஸ் மூடும்.

பணம் வருகிற வழியையும் பார்க்கணும். மிஷின் கம்பெனி ஒரு காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருத்தருக்கு, அவர் ஊரில் ஒருத்தருக்கு. டிராக்டர்காரன் நாலாவது ஆள். என் டிராக்டரே ஒரு கட்டுமானத்துக்கு (காத்தாடி இல்லை, வேற வேலை) மண் அடிச்சுது. டீசல் என் காசு, கூலி ஏழு மாசம் கழிச்சு வந்தது, அதிலும் பிடித்தம். இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறு குறுந்தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கணும், தவறினால் வட்டி. பதிவுக்கு உத்யம் என்று பெயர், இலவசம். 2024இல் இருந்து, குறித்த காலத்துக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் ஒரு கிடுக்கி வைத்திருக்கிறார்கள். பேச்சுவாக்கில் வேலை எடுக்கிற நம்ம ஆட்கள் பாதிப் பேர் இதைப் பதிவு செய்வதே இல்லை.

நம்ம புதுச்சேரிக்கும் காத்தாடித் தொழில் வந்தது. காத்துக்காக இல்லை, தொழிற்சாலையாக. சுஸ்லான் கம்பெனி 2000களில் இங்கே இறக்கையும், உச்சியில் உட்கார்கிற நாசெல் என்ற பெட்டியும் செய்கிற ஆலை வைத்தது. யூனியன் பிரதேசம் என்பதால் கிடைத்த வரிச் சலுகைக்காகப் பல கம்பெனிகள் புதுச்சேரிக்கு வந்த காலம் அது. இறக்கை என்பது கண்ணாடி இழை, பிசின், நடுவில் பால்சா என்கிற லேசான கட்டை. அந்தக் கட்டை பெரும்பாலும் தென் அமெரிக்காவில் ஈக்வடாரில் இருந்து வருகிறது. பக்கத்து ஊர்த் தச்சன் என்ன செய்வான்? பேக்கிங் சட்டம் அடிக்கலாம், அவ்வளவுதான். லேத் பட்டறைக்கும் இதே கதை. டவர் அடுக்குகளை முடுக்குகிற போல்ட் 10.9 கிரேடு. உப்பளத்துப் பட்டறையில் அதே அளவில் போல்ட் கடைய முடியும். ஆனால் எந்த உருக்கு, எங்கே சூடு ஏற்றியது, எந்த லேபில் இழுத்துப் பார்த்தது என்று காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத போல்ட்டை எந்த இன்ஜினியரும் கையில் தொடமாட்டார். நம்ம ஆளுங்க தோற்பது கைவேலையில் இல்லை, காகிதத்தில்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். 1937இலேயே மோட்டார் செய்த ஊர் அது. பம்ப் செட்டுக்கு வார்ப்பு ஊற்றிப் பழகின கைகள். காத்தாடிக்குக் கனமான வார்ப்பு வேண்டும் என்றதும் வார்ப்பாலை அங்கே வந்தது, கியர்பாக்ஸ் ஆலையும் அங்கே வந்தது. ஏற்கெனவே வேலை தெரிந்த ஊரைத் தேடித்தான் பெரிய வேலை வரும் போலிருக்கிறது.

இனி மருமகனுக்கு நான் அழுத்திச் சொன்ன பகுதி, 2017. அதுவரை காற்றாலைக் கரண்டுக்கு அரசாங்கம் விலை நிர்ணயிக்கும். தமிழ்நாட்டில் யூனிட் 4 ரூபாய்க்கு மேல். 2017 பிப்ரவரியில் முதல் ஏலம் விட்டார்கள், யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. வருஷக் கடைசியில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. கரண்ட் வாங்குகிறவனுக்கு நல்லதுதான். ஆனால் 2016-17இல் நாடு முழுக்க 5,500 மெகாவாட் அளவுக்கு நட்டவர்கள் அடுத்த வருஷம் 2,000ஐக்கூடத் தொடவில்லை. டெல்லியில் ஏலம் மாறினால் பூளவாடியில் ஜல்லி லாரி நிற்கும், பேங்க் தவணை நிற்காது.

இன்னொன்று ஆடிக் காத்து. வைகாசியில் ஆரம்பித்து புரட்டாசி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற அடியில் இறக்கையை மேலே தூக்கவே முடியாது, ஆபத்து. காத்தாடி நடுவதற்குக் காத்து இருக்கக் கூடாது, வேடிக்கையாக இல்லை? ஆக, நடுகிற வேலை பெரும்பாலும் மற்ற மாசங்களில்தான். "வருஷம் பூரா ஓடும்"னு சொன்னவன் கிரேன் விற்கிறவனாக இருப்பான்.

வேற வழியே இல்லையா என்றான். இருக்கிறது, நான் உடுமலையில் பார்த்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நட்ட 225, 250 கிலோவாட் மிஷின்கள் இன்னும் சுத்துகின்றன. செய்த கம்பெனிகள் சில இழுத்து மூடியாச்சு. உதிரி பாகம் யார் தருவது? உள்ளூர்ப் பட்டறைகள்தான் கியர்பாக்ஸ் பிரிக்கின்றன, பேரிங் மாற்றுகின்றன, வெடித்த இறக்கைக்கு இழை ஒட்டுகின்றன. காத்து சீசனுக்கு முன்னாடி மிஷினைத் தயார் பண்ணியே ஆகணும், அதனால் வருஷா வருஷம் வேலை வரும். 2024இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க, ஆயுளை நீட்டிக்க ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. கழற்றுவதும் வேலை, புதுப்பிப்பதும் வேலை. ஃபிட்டர் படித்தவனுக்கு அது கிரேனைவிடப் பக்கம். முதலீடு கை, கூடவே காகிதம். சென்னை பள்ளிக்கரணையில் காற்றுச் சக்திக்கு என்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். நிலத்துப் பத்திரம் இன்னும் தங்கச்சி பீரோவில்தான் இருக்கு.

அடுத்தது கடலுக்குள் காத்தாடி. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களைச் சரிசெய்ய. இறக்கை ஏற்றி இறக்கிப் பழகின தூத்துக்குடிக்கு இதில் ஒரு கை முன்னால். உப்பளத்து டீக்கடையில், நம்ம துறைமுகத்துக்கும் ஏதாவது வருமா என்று பேச்சு ஓடுகிறது. தென்கடல் மீனவர்கள் வலை விரிக்கிற இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன்.

ஏனென்றால் உப்பளம் பக்கத்திலேயே பெரிய கடல் கட்டுமானம் ஒன்று பார்த்தாச்சு. 1980களின் கடைசியில் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். கல் லாரி ஓடியது, கூலி கிடைத்தது, வேலை முடிந்தது. பிறகு சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே புதுச்சேரிக் கடற்கரையின் மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. மணல் இருந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினார்கள். மணலைத் திரும்பக் கொண்டுவர முப்பது வருஷம் கழித்து 2018 வாக்கில் கடலுக்குள் திட்டு அமைத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தச் செலவு துறைமுகம் கட்டின கணக்கில் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.