எச்பிவி-6 திரிபுகளும் ஆண்களின் பிறப்புறுப்பு மருக்களும்

பிறப்புறுப்பு மரு என்பது மனிதப் பாப்பிலோமா வைரசால் (எச்பிவி) தொற்றும் பால்வினை நோய். ஏறத்தாழ 90 சதவீத மருக்களுக்கு இவ்வைரசின் 6, 11ஆம் வகைகளே காரணம். இவை புற்றுநோயை உண்டாக்குவது மிக அரிது. ஆனாலும் வெட்கத்தால் மருவை மறைத்துவைக்கும் ஆண்கள் ஏராளம். அந்தத் தயக்கம் தொற்று பரவவே உதவுகிறது.

6ஆம் வகையின் மரபணுத்தொகுதி சுமார் 8,000 கார இணைகள் கொண்ட வட்ட டிஎன்ஏ. வெளியுறைப் புரதத்துக்கான எல்1 மரபணு 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அது தனி வகை. வேறுபாடு அதைவிடக் குறைவாக இருந்தால் அதே வகையின் திரிபு. 6ஆம் வகையில் ஏ, பி என இரு கால்வழிகள் உண்டு. பி கால்வழி பி1, பி2, பி3 எனப் பிரிகிறது. பிரேசில், மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஹிம்' ஆய்வில், பி1 திரிபு தொற்றியவர்களிடையே மரு தோன்றுவது கூடுதலாக இருந்தது. ஒரே வகைக்குள் உள்ள சிறு வேறுபாடும் நோயின் போக்கோடு தொடர்புடையது என்பதே இதன் முக்கியத்துவம்.

திரிபு எதுவானாலும் தடுப்பூசி ஒன்றே. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் ஜியான் ஜோவும் 1991இல் உருவாக்கிய, டிஎன்ஏ இல்லாத வைரஸ் போலித் துகளே அதன் அடிப்படை. ஆஸ்திரேலியா 2007 ஏப்ரலில் பள்ளிச் சிறுமியருக்கு இதை இலவசமாகப் போடத் தொடங்கியது. மெல்பர்ன் பாலியல் நல மையத்துக்கு வந்தோரின் பதிவுகளை ஆராய்ந்த குழுவில், மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஃபேர்லியும் இருந்தார். 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு உள்ளோர் 18.6 சதவீதத்திலிருந்து நான்கே ஆண்டுகளில் 1.9 ஆகக் குறைந்தனர். ஊசி போடப்படாத, பெண்களோடு உறவுகொள்ளும் அதே வயது ஆண்களிடமும் 22.9 சதவீதம் 2.9 ஆனது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. சிறுமியருக்கு மட்டும் போட்டால் போதும் என்ற வாதம் இங்கே உடைகிறது.

2013இல் ஆஸ்திரேலியச் சிறுவர்களும் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். 2023 முதல் ஒரே தவணை. இந்தியாவில் 2022இல் அனுமதி பெற்ற செர்வாவாக் ஊசி 6, 11, 16, 18 ஆகிய வகைகளைத் தடுக்கிறது. 9 முதல் 26 வயது வரையுள்ள இருபாலருக்கும் அதைப் போடலாம். மகளுக்கு ஊசி போடும் பெற்றோர் மகனையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.