கொக்குவில்: பூர்வீக நீர்ப்பரிபாலனம்

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியை அணைந்து கிடக்கும் செம்மண் கிராமம் கொக்குவில். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், மாரி வெள்ளத்தை அடக்கிக் கோடைக்கு நீர் காத்த முன்னோரின் முறைமைக்கு இவ்வூர் தன் பெயராலேயே சாட்சி பகர்கின்றது.

வில் என்பது மழைநீர் தங்கும் பள்ளத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அத்தகைய இயற்கைத் தேக்கங்களை வன்னி மக்கள் வில்லு என்றே வழங்குவர். வில்பத்துக் காட்டின் பெயரிலும் அச்சொல்லே நிலைத்துள்ளது. ஆகவே கொக்குகள் இரைதேடிக் கூடிய நீர்நிலையே கொக்குவில் ஆயிற்று. ஊரின் கிழக்கிலுள்ள நந்தாவிலும், தென்மராட்சியின் மட்டுவில், மந்துவில், மிருசுவில் ஆகியனவும் இவ்வகையின. இதனைப் பிறமொழிச் சொல்லின் திரிபாகக் கொள்வதற்கு அவசியம் இல்லை.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே இங்கு ஆண்டு முழுமைக்கும் பிரதான ஆதாரம். செம்மண்ணின் கீழுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கும் நன்னீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். ஆதலால் வெள்ளத்தை விரைந்து கடலுக்கு ஓட்டிவிடாது, வெள்ளவாய்க்கால் வழியே குளத்துக்குக் குளம் செலுத்தி, மண் குடித்தது போக எஞ்சியதையே வெளியேற விட்டனர். வெள்ளத் தடுப்பும் கிணற்று நீர்க் காப்பும் இவ்வாறு ஒரே தொழிலாய் அமைந்தமை வியந்து போற்றத்தக்கது. கோடையில் குளத்து வண்டலை வாரித் தோட்டத்துக்கு இட்டமையால் குளமும் ஆழங் குன்றவில்லை, பயிரும் உரம் பெற்றது. கரையில் நாட்டிய ஆவுரஞ்சிக்கல் கால்நடை உடலை உரஞ்சிக்கொள்ள உதவிற்று.

நீரிறைப்பிற் கொக்குவிலாரின் சாமர்த்தியம் துலாவிலே விளங்கிற்று. ஆடுகால் என்னும் தாங்குதூணின்மேல் நீண்ட பனந்துலாவைப் பொருத்தி, அதன்மேல் இருவரோ மூவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நின்றவர் துலாவில் தொங்கும் கொடியைப் பிடித்துப் பனையோலைப் பட்டையை நீருள் அமிழ்த்தி, நிறைந்து மேலெழுந்ததும் வாய்க்காலிற் கவிழ்த்தார். தோட்டத்தில் நின்றவர் மண்வெட்டியாற் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். பண்டை எகிப்தியர் நைல் நதிக்கரையில் ஒருவராய் நின்று இழுத்த ஏற்றமும் இதே நெம்புகோல் தத்துவத்தினதே. ஆயினும் ஆள் ஏறி மிதிக்கும் முறை, தமிழகத்து ஏற்றத்திற் போலவே, மனித உடலின் பாரத்தையே விசையாக்கியது. விடியுமுன் தொடங்கிய இவ்விறைப்பினால் புகையிலையும் வெங்காயமும் காய்கறியும் தழைத்தன. ஆள்பலத்தால் இறைத்த காலத்தில் எடுத்த நீரும் அளவோடு நின்றமையால் உவர் மேலேறும் அபாயம் குறைவாயிருந்தது.

ஒரு கிணற்றைப் பலர் பங்கிட்டு முறைவைத்து இறைத்தனர். காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் காணியோடு சேர்த்தே எழுதப்பட்டன. மண் பிரிந்தபோதும் நீர் பொதுவாயே நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இயந்திரப் பம்பு துலாவை அகற்றியது. குளங்கள் சில தூர்ந்தன. வெள்ளம் தங்க இடம் குறைந்த அந்நிலையில், 2008 நவம்பரில் நிஷா புயலின் பெருமழை குடாநாட்டின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது.