கருவிகளுக்குள் பொதிந்த கம்பியில்லா அகலப்பட்டை

கம்பியில்லா அகலப்பட்டை இணைப்பைத் தனிக் கருவியாக விற்காமல், மடிக்கணினி, மின்னூல் படிப்பான் போன்ற அன்றாடப் பொருள்களுக்குள்ளேயே தொழிற்சாலையில் பொருத்தி விற்கும் முறை, 2000-களில் பெருஞ்சந்தையாக வளரும் என எதிர்பார்க்கப்பட்டது. சில்லைப் பொருத்துவது எளிதாகவே இருந்தது. மாதக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதே சிக்கலாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் வைமாக்சும் கிண்டிலும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்தன.

வை-ஃபை தந்த நம்பிக்கை

2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரில் வை-ஃபை உள்ளமைந்த மடிக்கணினித் தொகுதியை வெளியிட்டது. அதுவரை பலரும் தனி அட்டை வாங்கிச் செருகி வந்தனர். சில ஆண்டுகளில் வை-ஃபை இல்லாத மடிக்கணினி அரிதாகிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பையே வை-ஃபை பகிர்ந்துகொண்டதால், கணினிக்கெனத் தனிக் கட்டணம் தேவைப்படவில்லை. இந்த வெற்றியின் காரணம் அப்போது சரியாக எடைபோடப்படவில்லை என்றே கூற வேண்டும்.

வைமாக்ஸ்

நகர் முழுதும் பரவும் வைமாக்ஸ் அலைகளிலும் அதே வெற்றியைப் பெற இன்டெல் முயன்றது. 2008-ல் இன்டெல், கூகுள், காம்காஸ்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் கிளியர்வயர் நிறுவனத்தில் 320 கோடி டாலர் முதலீடு செய்ய உடன்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்பிரின்ட் நிறுவனம் பால்டிமோரில் சேவையைத் தொடங்கியது. சில் உள்ளமைந்த மடிக்கணினிகளும் வந்தன. ஆனால் கோபுரம் உள்ள ஊர்கள் சிலவே. அங்கும் தனிச் சந்தா கட்ட வேண்டும். வைமாக்ஸ் பொருத்திய நோக்கியா என்810 கைக்கருவி 2008-ல் வெளியாகி 2009 ஜனவரியிலேயே நிறுத்தப்பட்டது. பின்னர் எல்.டி.இ. முறை பரவவே, வைமாக்ஸ் சேவை 2015 நவம்பரில் மூடப்படத் தொடங்கியது.

கிண்டில்

2007 நவம்பர் 19 அன்று அமேசான் முதல் கிண்டிலை 399 டாலருக்கு வெளியிட்டது. ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்தது. அதில் வை-ஃபை கிடையாது. ஸ்பிரின்ட்டின் செல்பேசி வலையமைப்பு வழியாக, விஸ்பர்நெட் என்ற பெயரில், நூல் ஒரு நிமிடத்திற்குள் வந்து சேர்ந்தது. ஒப்பந்தமோ மாதக் கட்டணமோ இல்லை. செலவை அமேசானே ஏற்று, கருவியின் விலையிலும் நூல்களின் விலையிலும் ஈடுசெய்தது. ஒரு புதினத்தின் எழுத்துக் கோப்பு பெரும்பாலும் 1 மெகாபைட்டுக்குள் அடங்குவதால் இக்கணக்கு கட்டுப்படியானது. திரைப்படங்களை இவ்வாறு அனுப்பியிருக்க முடியாது. வாங்கியவருக்குத் தம் கையில் ஒரு செல்பேசி இணைப்பு இருப்பதே நினைவில் இராது. இம்முறையின் சிறப்பே அதுதான்.

2009 அக்டோபரில் ஏ.டி.&டி. வலையமைப்பைக் கொண்டு இந்தியா உட்பட 100-க்கு மேற்பட்ட நாடுகளுக்குக் கிண்டில் விற்பனை விரிந்தது. 2010-ல் வை-ஃபை மட்டும் உள்ள வகை 139 டாலருக்கும், 3ஜி-யும் சேர்ந்த வகை 189 டாலருக்கும் விற்கப்பட்டன. அதுவரை விலைக்குள் மறைந்திருந்த இணைப்புக்கு 50 டாலர் என்ற தனி விலை அப்போதுதான் தெரிந்தது.

வலையமைப்புகளின் மூடல்

பொருளின் ஆயுளும் வலையமைப்பின் ஆயுளும் ஒன்றல்ல. இதற்கு முன்னுதாரணம் உண்டு. அகலப்பட்டை அல்லவெனினும், ஜெனரல் மோட்டார்சின் ஆன்ஸ்டார் உதவிச் சேவை 1996 முதல் மகிழுந்துகளில் செல்பேசி இணைப்பைப் பொருத்தி வந்தது. அமெரிக்காவில் பழைய ஒப்புமை வலையமைப்புகள் 2008-ல் மூடப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல வண்டிகள் இச்சேவையை இழந்தன.

கிண்டிலுக்கும் அதுவே நேர்ந்தது. அமெரிக்காவில் 3ஜி வலையமைப்புகள் 2022-ல் மூடப்பட்டன. முதல் இரு தலைமுறைக் கிண்டில்களுக்கு வை-ஃபையும் இல்லாததால், கணினியில் நூலைத் தரவிறக்கி யு.எஸ்.பி. வடத்தால் ஏற்றுவதே வழியாயிற்று. வாங்கிய நூல்களைக் கணினியில் தரவிறக்கும் அந்த வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்தியது. முன்பே ஏற்றிய நூல்களை அக்கருவிகளில் இன்றும் படிக்கலாம்.