கேள்வியும் தேவையும்

பொருளியல் நூலார் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு நுண்ணியதொரு வரைவிலக்கணம் கூறுவர். ஒரு பொருளை விரும்புதல் மாத்திரம் கேள்வியாகாது. அதனை வாங்கும் ஆற்றலும் விருப்பத்தோடு சேர்தல் வேண்டும். ஏட்டில் எளிதாகத் தோன்றும் இவ்விலக்கணத்தைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதி மக்கள் தம் வாழ்விலே இருமுறை கற்றனர்.

முதன்முறை, 1957 ஆம் ஆண்டு. அதுவரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிற்று. கடற்படைப் பட்டறைகளை நம்பித் தொழிலாளரும், அவர்தம் சம்பளத்தை நம்பிக் கடைக்காரரும் வாழ்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் தளம் இலங்கை வசமாயிற்று. நாட்டின் இறைமைக்கு அது பெருமை. தளத்தை நம்பிய குடும்பங்களுக்கோ பேரிழப்பு. அடுப்பின் தேவை குறையவில்லை; கையிலிருந்த காசே குறைந்தது.

இரண்டாம் முறை வாடியது கணினிச் சந்தை. 2020 மார்ச்சில் நோய்ப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையவழிக்கு மாறின. இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தமையால், ஏனைய வீடுகளிலும் அது வேண்டப்படும் பொருளாயிற்று. உலகெங்கும் இதே நிலைதான். 2021 இல் 33 கோடிக்கும் மேற்பட்ட கணினிகள் சந்தைக்குச் சென்றன.

பின்னர் இறக்கம் வந்தது. 2022 இல் உலக விற்பனை ஏறத்தாழ ஆறிலொரு பங்கும், 2023 இல் மேலும் ஏழிலொரு பங்கும் வீழ்ந்தன. இவ்வணிகம் மந்தம் அறியாததன்று. 1985 க்குப் பின் முதன்முறையாக 2001 இலும் அது சுருங்கியது. ஆயின் இம்முறை செல்வ நாடுகளில் நேர்ந்ததற்கும் இலங்கையில் நேர்ந்ததற்கும் வேறுபாடு உண்டு. அங்கே விலைவாசியும் வட்டியும் ஏறியதோடு, பலர் முன்னரே புதுக் கணினி வாங்கியுமிருந்தனர். இங்கே பலர் வாங்குமுன்பே வாங்கும் ஆற்றல் பறிபோயிற்று.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. 500 டொலர் பெறுமதியான கணினி, வரியும் இலாபமும் சேராமலே, 100,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவாயிற்று. ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்தியது. மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஓகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயில் இயங்கும் படகு இயந்திரத்தை நம்பிய மீனவர் இல்லத்திலே, கடலுக்குப் போவதா, பிள்ளைக்குக் கணினி வாங்குவதா என்ற வினாவுக்கு ஒரே விடைதான் இருந்தது.

வணிகக் கணக்கு இதனைக் ‘கேள்வி குன்றியது’ என ஒரு வரியிற் பதியும். அவ்வரி வாங்க வேண்டாதவரையும் வாங்க இயலாதவரையும் பிரித்துக் காட்டாது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிட்டியது. அவ்வாண்டு நடுப்பகுதியில் பணவீக்கமும் தணிந்தது. ரூபா ஓரளவு வலுப்பெற்றது. ஆனால் 2022 இல் பதினோராம் வகுப்பிலிருந்த மாணவர் அவ்வகுப்புக்கு மீள்வதில்லை. தனியார் வாங்கும் ஆற்றல் இழந்த காலத்தில், பாடசாலையின் கணினிக்கூடமும் பொதுநூலகமும் மாலையிலும் திறந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வாண்டு உணர்த்திச் சென்றது.