கார்போகரிசியும் வெயிலும்: தோல் கருக்கும் லைட் பாதுகாப்பானதா?

1/ செஞ்சி மக்களே, போன வாரம் ஓ.பி.க்கு ஒரு தம்பி வந்தார். கையில் வெண்புள்ளி. நாட்டு மருந்துக் கடையில கார்போகரிசி வாங்கி அரைச்சுப் பூசி, ராஜகிரி அடிவாரத்துல உச்சி வெயில்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கார். ரெண்டு நாள்ல கை முழுக்கக் கொப்புளம். "வெளிநாட்டுல தோலைக் கருக்க லைட் பெட்டி இருக்காமே சார், அது சேஃபா?" என்றார். பதில் வரலாற்றில் இருக்கு.

2/ கார்போகரிசி பூசி வெயில் காட்டுவது நம்மூர்ப் பழைய வைத்தியம். எகிப்திலும் வேறொரு செடியை இதே போலப் பயன்படுத்தினார்கள். ரெண்டிலும் இருப்பது சோரலென். தோலை ஒளிக்குக் கூச வைக்கும் பொருள். அளவு தப்பினா தோல் வெந்துடும்.

3/ ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசு. 1940-களில் கெய்ரோவில் எல் மொஃப்தி, சோரலென் வகை மருந்தை வெண்புள்ளிக்குக் கொடுத்தார். 1974-ல் அமெரிக்காவில் சோரியாசிஸுக்கு 'பூவா' சிகிச்சை: சோரலென் மாத்திரை, கூடவே புற ஊதா ஏ ஒளி.

4/ 70-களின் கடைசியில் அதே ஒளி அங்கே அழகு நிலையத்துக்குள் போனது. வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கும் படுக்கை. 'வெயிலை விடப் பாதுகாப்பு' என்று விற்றார்கள். 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை இருக்கும் முதல் பிரிவில் அதைச் சேர்த்தது. 30 வயசுக்கு முன்பே தொடங்கினால் மெலனோமா ஆபத்து 75% அதிகம். பிரேசில் அதே வருஷம் தடை போட்டது.

5/ 'அப்போ ஆஸ்பத்திரி லைட்?' ஒளிக்காமச் சொல்றேன்: பூவாவும் அதே பட்டியலில் இருக்கு. ஆனா இங்கே நோய் இருக்கு, அளவு இருக்கு, எத்தனை முறை என்ற கணக்கு இருக்கு, கண்ணுக்குக் கண்ணாடி இருக்கு. இப்போ பெரும்பாலும் மாத்திரையே இல்லாத 311 நானோமீட்டர் புற ஊதா பி ஒளிதான். அழகுக்காகப் படுக்கிறவருக்கு ஆபத்து மட்டும்தான் மிச்சம்.

6/ 'வைட்டமின் டி கிடைக்குமே?' அந்தப் படுக்கையில் பெரும்பாலும் புற ஊதா ஏ. வைட்டமின் டி-க்கு வேண்டியது பி. 'நாம கருப்புதானே?' கருப்பு நிறமி காக்கும், உண்மை. ஆனா வெண்புள்ளி உள்ள இடத்தில் அந்த நிறமியே இல்லை.

7/ கொப்புளம் வந்த இடத்தில் புதுசா வெண்புள்ளி வரலாம். அந்தத் தம்பிக்குப் புண் ஆறட்டும்னு மருந்து கொடுத்து, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். வெண்புள்ளி தொழுநோய் இல்லை, ஒட்டாது. மறைக்க வேண்டாம். பூசிட்டு வெயில்ல உட்காராதீங்க, ஓ.பி.க்கு வாங்க.