‘எப்போது’ பண்ற வம்பு

பொட்டி தட்டுற மக்களுக்கு ஆணிக்குக் குறைவே இல்ல. அதுல மகா மொக்கை ஆணி, எவரோ எழுதி வச்சுட்டுப் போன டெஸ்ட்டைப் படிக்கறது. ‘டெஸ்ட் பில் 3’னு பேரு. அது ஃபெயில் ஆகி செவப்பா நிக்கும். எது உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்.

வைத்தியம் 2003 வாக்குல ஆரம்பிச்சது, தாட்வொர்க்ஸ்ல (சென்னையிலயும் கிளை வச்சிருக்கற கம்பெனிதான்). அங்க கிறிஸ் ஸ்டீவன்சன் எழுதின ‘அஜைல்டாக்ஸ்’ங்கற குட்டிக் கருவி, டெஸ்ட்டோட பேரைப் பிரிச்சு வாக்கியமா காட்டும். அவ்ளோதான். அதைப் பார்த்த டான் நார்த், ‘டெஸ்ட்’ங்கற வார்த்தையையே தூக்கிட்டு, நிரல் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற மாதிரி பேர் வைங்கன்னார். 2004ல கிறிஸ் மேட்ஸோட சேர்ந்து கிவன், வென், தென் மூணையும் கொண்டு வந்தார்.

ரூபியில ஆர்ஸ்பெக் பழக்கின டிஸ்க்ரைப், இட் ஜோடி, 2010ல ஜாஸ்மின் வழியா ஜாவாஸ்கிரிப்ட்ல வேர் விட்டுச்சு. 2011ல மோக்கா, 2014ல ஜெஸ்ட், எல்லாத்துலயும் அதே ஜோடி. மேற்கோள் குறிக்குள்ள தமிழையும் தாராளமா எழுதலாம். மயிலாப்பூர் மளிகைக்கடைக்கு ஆப் பண்றீங்கன்னு வைங்க. ‘500 ரூபாய்க்கு மேல வாங்கினா டெலிவரி இலவசம்’னு இருந்தா, கடை அண்ணாச்சியே படிச்சுட்டு, “அடையாறு வரைக்கும்தான் தம்பி, அதுக்கு மேல காசு”ன்னு திருத்துவார். டெஸ்ட்டோட பாதிப் பிரயோஜனம் அங்கதான்.

நிற்க. 2008ல அஸ்லாக் ஹெலசோய் ஆரம்பிச்ச குக்கும்பர், இந்த வாக்கியங்களையே ஓட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் உண்டு. அதுல தமிழும் இருக்கு! அம்சம், காட்சி, பின்னணி எல்லாம் ஓகே. கிவனுக்கு ‘கொடுக்கப்பட்ட’, வென்னுக்கு ‘எப்போது’, தென்னுக்கு ‘அப்பொழுது’. ‘எப்போது அவர் 600 ரூபாய்க்கு வாங்குகிறார்’னு எழுதினா அண்ணாச்சி என்ன சொல்வார்? “தெரியலியே தம்பி, வெள்ளிக்கிழமை வருவாரோ என்னமோ”ம்பார். அது கேள்வியால்ல இருக்கு!

மொழிபெயர்த்த புண்ணியவானைக் குறை சொல்ல முடியாது. இங்கிலீஷ்ல நிபந்தனை வாக்கியத்துக்கு முன்னாடி நிக்கும். நமக்கு அது வினைச்சொல்லோட வால்ல ஒட்டிக்கும்: வாங்கினால், வாங்கியபோது. முன்னாடி ஒரு சொல்லை நட்டுட்டு மிச்சத்தைத் தமிழ்ல எழுதுன்னா எப்படி எழுதறது?

ஒரு குறுக்கு வழி இருக்கு. எந்த மொழியிலயும் அந்த மூணு சொல்லுக்கும் பதிலா வெறும் நட்சத்திரக் குறி போட குக்கும்பர் விடுது. குறியைப் போட்டு, ஒரு எடம் விட்டு, ‘அவர் 600 ரூபாய்க்கு வாங்கினால்’னு எழுதுங்க. அடுத்த வரியில இன்னொரு குறி, ‘டெலிவரிக்குக் காசு இல்லை’. ஜம்முனு ஓடும்.