காம்பியா: ஆறும் அதன் பின்னிலமும்

காம்பியா குடியரசு மேற்கு ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு இல்லை. மேற்கே ஒரு சிறு கடற்கரையைத் தவிர மற்ற மூன்று புறமும் செனெகல் சூழ்ந்திருக்கிறது. கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்நாடு, அகலத்தில் 50 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை; நடுவில் காம்பியா ஆறு ஓடுகிறது. 2024 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 24 லட்சம். தலைநகர் பாஞ்சுல் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு தீவில் அமைந்துள்ளது. மக்கள் நெருங்கி வாழ்வது அதற்கு அருகிலுள்ள செரகுண்டாவில். இந்த வடிவத்தைக் காட்டி, இது இயற்கைக்குப் பொருந்தாத நாடு என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. அது பாதி உண்மைதான். ஆற்றை நடுவில் வைத்து அமைந்த நாட்டில் செயற்கையாக எதுவும் இல்லை. பழங்காலம் தொட்டு இங்கு அரசுகள் அப்படித்தான் அமைந்தன. செயற்கையானது, ஆற்றை அதன் பின்னிலத்திலிருந்து வெட்டிய எல்லைக்கோடு. இந்நாட்டின் பொருளாதாரமும் அரசியலும் அந்த வெட்டிலிருந்தே விளங்குகின்றன.

காம்பியா ஆறு கினியின் ஃபூட்டா ஜல்லோன் மேட்டுநிலத்தில் பிறந்து, செனெகலைக் கடந்து, சுமார் 1,120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. வடக்கே உள்ள செனெகல் ஆற்றின் வாயை மணல்திட்டு மறிக்கிறது. காம்பியாவின் வாயோ ஆழமானது. கடற்கப்பல்கள் நெடுந்தூரம் உள்ளே வர முடியும். மேற்கு ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட நீர்வழிகள் மிகச் சில. ஆற்றின் சரிவு மிகக் குறைவு என்பதால் கடலேற்றம் உள்நாடு வரை உணரப்படும். மழையற்ற மாதங்களில் உப்பு நீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் ஏறி வரும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை அதை மீண்டும் கடலை நோக்கித் தள்ளும். உப்பு ஏறும் பகுதியில் கரையோரம் அலையாத்திக் காடுகள்; அதற்கு மேலே ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்தி நன்னீர் பாய்ச்சும் நெல்வயல்கள். மாண்டிங்கா ஊர்களில் நெல் பெண்களின் பயிர். நிலக்கடலையும் சிறுதானியமும் மேட்டு நிலத்தில் ஆண்களின் பயிர். உப்பு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஓர் ஊர்ப் பெண்கள் அந்த ஆண்டு எந்த வயலில் நாற்று நடலாம் என்பது முடிவாகிறது.

ஆற்றங்கரையை ஒரே வட்டாரமாகக் கொள்வதற்கு மிகப் பழைய சான்று கல்வட்டங்கள். ஆற்றின் வடகரையை ஒட்டி 350 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் பரவிக் கிடக்கின்றன. செம்பாறையை இரும்புக் கருவிகளால் வெட்டி, உருளையாகவோ பலமுகத் தூணாகவோ செதுக்கி, வட்டத்துக்கு எட்டு முதல் பதினான்கு தூண்கள் வீதம் நட்டிருக்கிறார்கள். ஒரு தூண் சராசரியாக இரண்டு மீட்டர் உயரமும் சில டன் எடையும் கொண்டது. செதுக்கலில் காணும் ஒழுங்கு, ஒரே அளவுமுறையைக் கைக்கொண்ட தேர்ந்த கைவினை மரபைக் காட்டுகிறது. இவை ஈமச் சின்னங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 16ஆம் நூற்றாண்டு வரையிலான நெடிய காலத்தில் எழுந்தவை என்று கணிக்கப்படுகிறது. 2006இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நான்கு தொகுதிகளைக் குறித்தது: வாசுவும் கெர்பாட்சும் காம்பியாவில், சின் ங்கயேனும் வனாரும் செனெகலில். ஒரே வட்டாரத்தின் ஒரே வழக்கம் இன்று இரண்டு நாடுகளின் பெயரில் பதிவாகியிருக்கிறது.

பின்னர் வந்த அரசுகளும் ஆற்றைச் சார்ந்தே நின்றன. மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாட்டாவின் தளபதி திராமக்கான் 13ஆம் நூற்றாண்டில் மாண்டிங்கா மக்களை மேற்கே அழைத்து வந்ததாக வாய்மொழி வரலாறு கூறுகிறது. அதன் விளைவாகத் தெற்கே காபு அரசும், இரு கரைகளிலும் நியூமி, பதிபு, வூலி, கியாங் போன்ற சிற்றரசுகளும் எழுந்தன. இவற்றில் முகத்துவாரத்தின் வடகரையில் இருந்த நியூமியை முக்கியமாகக் குறிப்பிட வேண்டும். கழிமுகத்து உப்பு படகில் உள்நாட்டுக்கு ஏறியது. உள்நாட்டிலிருந்து பொன்னும் தேன்மெழுகும் தோலும் அடிமைகளும் இறங்கி வந்தனர். ஏறினாலும் இறங்கினாலும் நியூமி மன்னருக்குச் சுங்கம் செலுத்தியாக வேண்டும். 1455–56இல் போர்ச்சுகல் இளவரசருக்காகக் கப்பலில் வந்த வெனிஸ்காரர் கடமோஸ்தோவும் இந்த ஆற்றுவழியே நுழைந்தார். 1651இல் பால்டிக் கரையின் கூர்லாந்துக் குறுநிலம் ஆற்றுத் தீவொன்றில் கோட்டை கட்டியது. 1661இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். எதிர்க்கரையில் அல்பிரெடாவில் பிரெஞ்சுக்காரர் அமர்ந்தனர். அத்தீவு இன்று குண்டா கிண்டே தீவு என்று வழங்குகிறது. அங்கிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமைகளில் பலர் ஆற்றங்கரையினர் அல்லர். வெகு தொலைவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். கொடுமையான சான்றுதான், ஆனாலும் இந்த ஆற்றின் பின்னிலம் எவ்வளவு ஆழமானது என்பதை அது காட்டுகிறது.

அடிமை வணிகத்தைத் தடுக்க பிரிட்டன் 1816இல் ஆற்றுவாயில் பாதர்ஸ்ட் நகரை, இன்றைய பாஞ்சுலை, நிறுவியது. 1830களில் தொடங்கிய நிலக்கடலை ஏற்றுமதி விரைவிலேயே எல்லாச் சரக்குகளையும் முந்தியது. கடலையின் பெரும்பகுதி எண்ணெய்க்காகவும் சவர்க்காரத்துக்காகவும் பிரான்சுக்கே போயிற்று. அதைப் பயிரிடச் செனெகல், மாலி, கினிப் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் கால்நடையாக வந்தார்கள். ஊரார் நிலமும் விதையும் கொடுக்க, வாரத்தில் சில நாள் அவர்கள் வயலில் உழைத்து, மற்ற நாள்களில் தங்கள் பங்கைப் பயிரிட்டார்கள். அதாவது சரக்கும் கூலியாளும் ஆற்றுவெளி முழுவதிலிருந்தும் வந்தனர். 1889 ஆகஸ்டில் பாரிஸில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆற்றின் இரு கரையிலும் சுமார் பத்து கிலோமீட்டர் நிலத்தை மட்டும் பிரிட்டனுக்கு ஒதுக்கியது. போர்க்கப்பல் பீரங்கியின் குண்டு விழுந்த தூரம்தான் எல்லையாயிற்று என்ற கதை உள்ளூரில் வழங்குகிறது. கோடு வரையப்பட்டது மேசையில்தான். அதற்கு முன் 1866 முதல் 1876 வரை இந்த ஆற்றையே பிரான்சுக்குக் கொடுத்து வேறு நிலம் வாங்கிக்கொள்ள பிரிட்டன் பேசியதுண்டு. வணிகர்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை.

ஆறு தன் இடத்தை ரயிலிடம் இழந்தது, எல்லையிடம் அல்ல என்று இந்த விளக்கத்தை மறுப்போர் உண்டு. நீராவிப் படகின் காலம் எங்கும் முடிந்ததுதான். ஆனால் ரயில் எந்த வழியாகப் போயிற்று என்று பார்க்க வேண்டும். ஆற்றின் மேற்புறம் பிரெஞ்சு மண்ணாகவும் வாய் பிரிட்டிஷ் மண்ணாகவும் ஆனபின், டக்காரையும் நைஜர் ஆற்றையும் இணைத்த ரயில்பாதை தம்பக்குண்டா வழியாகச் சென்று, ஆற்றுக்கு இறங்கியிருக்கக்கூடிய சரக்கைத் திருப்பியது. சாலும் ஆற்றில் கவுலக் கடலைத் துறைமுகமாக வளர்ந்தது. எல்லை இல்லாதிருந்தால் இவ்வளவு வசதியான ஆற்றுவாயை விட்டு டக்கார் வரை பாதை இழுக்கப் பெரிய காரணம் இருந்திருக்காது. இழப்பு காம்பியாவுக்கு மட்டுமன்று. செனெகலின் தென்பகுதியான கசமான்ஸ் தன் தலைநகரிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஃபராஃபென்னி அருகே படகுத்துறையில் லாரிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்த நிலை 2019 ஜனவரியில் செனகாம்பியா பாலம் திறந்த பின்புதான் மாறியது.

மக்களில் மாண்டிங்காக்கள் மூன்றில் ஒரு பங்கு; ஃபூலா, உலோஃப், ஜோலா, செரஹூலி, செரர், ஆக்கு ஆகியோர் பிறர். ஆக்குக்களை விட்டால் இவர்கள் அனைவரின் உறவினரும் எல்லைக்கு அப்பாலும் வாழ்கின்றனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள். இப்பக்கம் பள்ளி மொழி ஆங்கிலம், அப்பக்கம் பிரெஞ்சு. சந்தை மொழியாக இரு பக்கமும் உலோஃப் ஓடுகிறது.

நாட்டின் வறுமைக்குக் காரணம் எல்லையன்று, ஆட்சிதான் என்பது இன்னும் வலுவான மறுப்பு. 1965 பிப்ரவரி 18இல் விடுதலை பெற்று 1970இல் குடியரசான நாட்டைத் தாவ்தா ஜவாரா ஆண்டார். 1994இல் ராணுவப் புரட்சியால் வந்த யஹ்யா ஜம்மே 22 ஆண்டுகள் கொலையும் சித்திரவதையும் கொள்ளையுமாக நடத்திய ஆட்சியை எதைச் சொல்லியும் மறைக்க முடியாது; அந்தக் கொடுமைகளுக்கு அவரே பொறுப்பு. ஆனால் ஒற்றைப் பயிரை நம்பிய பொருளாதாரம் அவருக்கு வெகுமுன்பே அமைந்துவிட்டது. அரசியலின் திருப்பங்களும் எல்லையைத் தாண்டியே நடந்தன: 1981 புரட்சி முயற்சியைச் செனெகல் படை அடக்கியது, அதன்பின் 1982இல் அமைந்த செனகாம்பியக் கூட்டமைப்பு 1989இல் கலைந்தது, 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற ஜம்மே பதவி விலக மறுத்தபோது, வென்ற அடாமா பாரோ டக்காரிலுள்ள தூதரகத்தில் பதவியேற்க, செனெகல் தலைமையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை நுழைந்தது. அந்தத் தேர்தலில் வாக்கு பதிவானது கோலிக்குண்டால். வேட்பாளரின் படமும் கட்சி நிறமும் கொண்ட பீப்பாயின் குழாயில் வாக்காளர் ஒரு குண்டைப் போடுவார். உள்ளே மணி ஒருமுறை ஒலிக்கும். இரண்டாவது மணி கேட்டால் கள்ள ஓட்டு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். எழுத்தறியாத வாக்காளரை மனத்தில் கொண்டு 1960களில் வகுத்த இம்முறை, ஒரு சர்வாதிகாரியை வீட்டுக்கு அனுப்பவும் போதுமானதாக இருந்தது. 1997 அரசியலமைப்பு இன்றும் நடப்பில் உள்ளது. தேசியப் பேரவையில் 58 இடங்கள், மாவட்டத்துக்குத் தலைவர் செய்ஃபோ, ஊருக்குத் தலைவர் அல்காலோ.

கடலை, முந்திரி, மீன், குளிர்கால ஐரோப்பியச் சுற்றுலா, செனெகலுக்குச் செல்லும் மறு ஏற்றுமதி, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகியவை இன்றைய வருவாய். கடைசியில் சொன்னது உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆற்றை முழுமையாகக் கருதும் அமைப்பு ஒன்று உண்டு: 1978இல் தொடங்கி, இன்று காம்பியா, செனெகல், கினி, கினி-பிசாவு ஆகிய நான்கும் அடங்கிய காம்பியா ஆற்றுப்படுகை அமைப்பு. அதன் முதன்மைத் திட்டமான சம்பங்கலூ அணை செனெகல் மண்ணில், கினி எல்லை அருகே அமைகிறது. மின்சாரம் நான்கு நாடுகளுக்கும் வரும். அணையிலிருந்து எந்த மாதத்தில் எவ்வளவு நீர் திறப்பது என்ற முடிவு, கீழே காம்பியாவில் உப்பு எவ்வளவு தூரம் ஏறும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கும்.